வாழைச் சருகில் தூங்கும் ஓவிய வௌவால்

கேள்வி: ‘‘வாழையில் காய்ந்த இலைகளை அறுத்தபோது, ஒரு சருகுக்குள் ஆரஞ்சும் கறுப்புமாகச் சின்ன வௌவால் ஒன்று சுருண்டு கிடந்தது. இதற்கு விஷம் உண்டா? வாழைத்தாரைக் கடித்துச் சேதப்படுத்துமா?’’

– வாழை விவசாயி ஒருவர்

பதில்: விஷம் கிடையாது. தாரையும் தொடாது. இதன் பெயர், ஓவிய வௌவால். பழம் தின்னும் பெரிய வௌவால்கள் வேறு. இது சிறு பூச்சிகளைத் தின்று வாழ்வது.

எடை சுமார் 5 கிராம். அதாவது, ஒரு தேக்கரண்டி சர்க்கரை அளவு. உடல் முழுக்க ஆரஞ்சு நிற ரோமம். இறக்கையில் விரல் எலும்புகளை ஒட்டி ஆரஞ்சு, இடையில் கறுப்பு. காது, புனல் போல இருக்கும். சருகுக்குள் சுருண்டு கிடந்தால் காய்ந்த இலைத் துணுக்கு என்றே தோன்றும்.

பகலில் தனியாகவோ, ஜோடியாகவோ தொங்கும் வாழைச் சருகில் தூங்கும். தூக்கணாங்குருவியின் பழைய கூட்டிலும் தங்குவது உண்டு. இருட்டிய பிறகு தாழ்வாகப் பறந்து, நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியை வைத்தே பூச்சிகளைப் பிடிக்கும். இதன் அறிவியல் பெயர் ‘கெரிவூலா பிக்டா’. முதல் சொல், ‘வாழை வௌவால்’ என்ற பொருளுள்ள சிங்களச் சொல்லிலிருந்து வந்தது.

இந்த அழகே இதற்கு ஆபத்தாகிவிட்டது. தென்கிழக்கு ஆசியாவில் இதைப் பிடித்து, பாடம் செய்து, அலங்காரப் பொருளாக இணையத்தில் விற்கிறார்கள். ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான். எனவே, குறைந்த எண்ணிக்கை மீண்டும் பெருகுவது கடினம்.

இலைப்புள்ளி நோயைத் தடுக்கச் சருகு கழிப்பது அவசியம். அறுப்பதற்கு முன்பு, சருகின் உட்புறத்தை ஒரு பார்வை பாருங்கள். வௌவால் இருந்தால், அந்த ஒரு சருகை மட்டும் விட்டுவிடுங்கள். நோய் இல்லாத வரப்போர மரங்களில் சில சருகுகள் தொங்கட்டும். கழித்த சருகுக்கு உடனே தீ வைக்காதீர்கள். தவறி அறுத்துவிட்டால், வௌவாலைத் தொடாமல் சருகோடு எடுத்து நிழலான மரக்கிளையில் செருகிவிடுங்கள்.

எந்த வௌவாலையும் வெறும் கையால் பிடிக்கக் கூடாது. குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள். கடித்துவிட்டால், ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடங்கள் கழுவி, உடனே மருத்துவரைப் பாருங்கள்.