மாடியில் பெய்த மழை

சென்ற வாரம் உவரிக்குப் போயிருந்தோம். என் மாமியாருக்கு ஒரு பிரார்த்தனை. சுயம்புலிங்க சுவாமியை வேண்டிக்கொண்டு, கடலிலிருந்து 11 பெட்டி மண் சுமந்து கரையில் கொட்டுவதாக நேர்ந்திருந்தார். ஏழாவது ஓலைப்பெட்டியிலேயே அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. மீதி நாலும் என் தலையில். நனைந்த புடவையோடு என் அத்தை வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். கருப்பட்டிக் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அத்தை கேட்ட முதல் கேள்வி:

"ஏட்டி, உங்க மாடியில இப்பவும் மழை பெய்யுதா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஒரு சித்திரை மாதம் அத்தை பாளையங்கோட்டைக்கு வந்து எங்கள் ஃப்ளாட்டில் பத்து நாள் தங்கினார். முதல் நாள் விடியற்காலையில் 'சோ'வென்று சத்தம் கேட்டதும், மழை கொட்டுகிறது என்று அலறிப் புடைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார். அங்கே என் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது!

"அணைக்க ஆளில்லையா?" என்றார்.

ஆள் இருக்கிறார்கள், ஒன்பது வீட்டார். அதுதான் சங்கடம். ஒருவர் மோட்டாரைப் போடுவார், இன்னொருவர் அணைப்பார் என்று நினைப்பார். கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்துப் பழகிய அத்தைக்கு இது விளங்கவே இல்லை. எனக்கும், உண்மையைச் சொன்னால், அதுவரை உறைக்கவில்லை. சொந்த வீட்டுக்குள் ஒரு விளக்கு வீணாக எரிந்தால் குழந்தைகளை அதட்டுகிற நாம், பொது மீட்டர் எந்தச் சுவரில் இருக்கிறது என்றாவது பார்த்ததுண்டா?

முன்பெல்லாம் பார்க்க அவசியமில்லை. பொது இணைப்புக்கும் வீட்டுக் கட்டணம்தான்; முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் அது மாறிற்று. அடுக்குமாடிகளின் பொது விளக்கு, மோட்டார், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் தனி விகிதம் வந்தது, இலவசம் போயிற்று, யூனிட் 8 ரூபாய், 2023 ஜூலையில் 8 ரூபாய் 15 காசு. சிறு கட்டடத்தார் முறையிட்டதன் பேரில், 10 வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 2023 நவம்பர் முதல் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். உங்கள் கட்டடம் அந்த வகை என்றால், பில்லில் சலுகை விகிதம்தான் போட்டிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எங்களுக்குச் சலுகை கிடைத்தது. ஆனாலும் சங்கக் கூட்டத்தில் காரியதரிசி பில்லை உயர்த்திப் பிடித்து, "சிக்கனம் வேண்டும்" என்றார். இராத்திரி பத்து மணிக்குமேல் மாடிப்படி விளக்குகளை அணைத்துவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானம். நானும் கை தூக்கினேன், மறைப்பதற்கில்லை.

மூன்றாம் மாடியில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள். இரண்டாம் முறை வேலை முடிந்து வருகையில் பதினொன்றாகிவிடும். கூட்டத்துக்கு அவளால் வர முடியவில்லை. எட்டாவது நாள் இருட்டில் ஒரு படி தவறி விழுந்து, கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் சம்பளமில்லாமல் படுத்திருந்தாள்.

அன்றிரவுதான் நான் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். மாடிப்படியில் 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு. இரவு முழுவதும், அதாவது 12 மணி நேரம் எரிந்தால்கூட, இரண்டு மாதத்துக்கு 26 யூனிட். ரூபாயில் 143. வீட்டுக்குப் பதினாறு ரூபாய்! அதிலும் ஒரு பகுதியைத்தான் நாங்கள் மிச்சம் பிடித்தோம். மோட்டாரோ ஒன்றரைக் குதிரைச் சக்தி. மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் இழுக்கிறது. தொட்டி நிறைந்த பிறகு காலையில் அரை மணி, மாலையில் அரை மணி சும்மா ஓடினால் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். அத்தை பார்த்த மழையின் விலை அது. தண்ணீர் தனியே நஷ்டம்.

அடுத்த கூட்டத்தில் விளக்குகள் திரும்ப எரிந்தன. தொட்டி நிறைந்ததும் தானே மோட்டாரை நிறுத்தும் கருவி ஒன்றைப் பொருத்தினோம். பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில் இரண்டு குளியலறைகளில் ஃப்ளஷ் தொட்டி இராப்பகலாக ஒழுகிக்கொண்டிருந்தது. (ஒன்று காரியதரிசி வீட்டில். இன்னொன்றைக் கேட்காதீர்கள், என் வீட்டுக்காரருக்கு இந்தப் பத்தியைப் படிக்கும் வழக்கம் உண்டு.) ஒழுகும் ஒவ்வொரு குடமும் மோட்டார் ஏற்றிய குடம்தானே?

குழல் விளக்கு இன்னும் வைத்திருப்பவர்கள் முதலில் அதை மாற்றலாம். லிஃப்ட் உள்ள கட்டடத்தார், அது சும்மா நிற்கும்போதும் உள்ளே விளக்கும் விசிறியும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடுவதைவிட நிற்கிற நேரம்தான் ஜாஸ்தி.

உவரியிலிருந்து திரும்பும் வழியில் இராதாபுரம் பக்கம் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. அதே கடலோரத்தில் கூடங்குளம் அணு உலைகள் வேறு. மின்சாரம் விளைகிற சீமையில் இருந்துகொண்டு பதினாறு ரூபாய்க்கு இருட்டில் நடந்தோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது.

இப்போது எங்கள் சங்கத்தில் சூரியத் தகடு பற்றிப் பேச்சு. 2024-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில், குடியிருப்போர் சங்கங்களின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. ஏறக்குறைய எல்லோருக்கும் சம்மதம். மொட்டை மாடியில் எந்த மூலையில் தகடு, எந்த மூலையில் வடகம் என்பதில்தான் முதல் மாடி மாமிக்கும் எனக்கும் இன்னும் தீரவில்லை.