செத்தவருக்கு வக்கீல் யார்?

கொலைக் கதை என்றால் நமக்கு ஒரு தனி ருசி. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியது இல்லை. ஓர் ஊரில் கொலை விழுந்தால் மறுநாள் காலை டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். வடையும் ஆறிப்போகும்; டீயும் ஆறிப்போகும்.

பத்திரிகை பட்டிதொட்டி எல்லாம் பரவுவதற்கு முன்பே இந்த ருசி இருந்தது. அப்போது அதற்குக் "கொலைச் சிந்து" என்று பெயர். எங்கோ நடந்த கொலையைப் பாட்டாகக் கட்டுவார்கள். மட்டக் காகிதத்தில் அச்சடிப்பார்கள். சந்தையிலும் திருவிழாவிலும் பாடிப் பாடி விற்பார்கள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சில்லறைக் காசை எடுத்து நீட்டுவார்கள். இன்று அதே சிந்தைக் கைபேசியில் கேட்கிறோம். "திக் திக்" என்று பின்னணி இசை. இருட்டு அறையில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, "அந்த இரவு என்ன நடந்தது தெரியுமா?" என்று கேட்கிறார். நாமும் தூக்கத்தை விட்டுவிட்டுக் கேட்கிறோம்.

கேட்கட்டும், தப்பு இல்லை. கொலையைப் பற்றிப் பேசாத ஊர், கொலையை மூடி மறைக்கிற ஊராகத்தான் இருக்கும். எனக்குள்ள வருத்தம் வேறு. இந்தக் கதைகளில் கொலைகாரனுக்கு ஓர் இடம் உண்டு. துப்பறிந்த அதிகாரிக்கு ஓர் இடம் உண்டு. வாதாடிய வக்கீலுக்கும், தீர்ப்புச் சொன்ன நீதிபதிக்கும் உண்டு. செத்தவருக்கு மட்டும் கூண்டுதான் கிடைக்கிறது! குற்றவாளிக் கூண்டு.

சென்னைப் பட்டணத்தை உலுக்கிய இரண்டு கொலைகளைப் பாருங்கள்.

ரெயிலில் டிரங்குப் பெட்டி

1952-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி. சென்னை சைனா பஜாரில் ஒரு பேனாக் கடையின் முன்பக்கத்தில் பிளாஸ்டிக் சாமான் வியாபாரம் செய்துவந்தார் ஆளவந்தார். முன்னாள் ராணுவ ஊழியர். அன்று வெளியே போனவர் வீடு திரும்பவில்லை. மனைவி காத்திருந்தார். விடிந்தும் வரவில்லை. போலீசுக்குப் புகார் போயிற்று.

அந்த நேரத்தில் எழும்பூரில் இருந்து தனுஷ்கோடிக்குப் போகும் "போட் மெயில்" தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. அதிலே ஒரு டிரங்குப் பெட்டி. பெட்டியில் இருந்து துர்நாற்றம். பயணிகள் மூக்கைப் பிடித்தார்கள். மானாமதுரையில் பெட்டியை இறக்கித் திறந்தார்கள். உள்ளே தலை இல்லாத முண்டம்!

தலை எங்கே? அது சில நாள் கழித்துச் சென்னை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. உடலும் தலையும் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. காது மடலில் இருந்த துளைகளையும் பல்வரிசையையும் பார்த்து, "இவர் என் கணவர்தான்" என்று அடையாளம் சொன்னார் மனைவி.

ஒரு நிமிடம் இங்கே நிற்போம். நம் கதைகள் நிற்பதில்லை. அந்த அம்மாள் என்ன பாடுபட்டிருப்பார்? புருஷன் முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாமல், காதையும் பல்லையும் பார்த்துச் சொல்ல வேண்டிய நிலை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது. கதை சொல்கிறவர்கள் இதை ஒரே வரியில் தாண்டி ஓடுகிறார்கள். அவர்களுக்கு அவசரம். அடுத்த காட்சி காத்திருக்கிறது. ஒரு பெண், அவளுடைய கணவன், அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பு ஆளவந்தாரோடு இருந்த பழக்கம்! கோர்ட்டில் கூட்டம் நெரிந்தது அதைக் கேட்கத்தான்.

1953-ல் சென்னை ஐகோர்ட்டில் வழக்கு நடந்தது. நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச அய்யர். கதையும் நாடகமும் எழுதியவர் அவர். கணவனுக்கு 7 ஆண்டு, மனைவிக்கு 3 ஆண்டு சிறை என்று தீர்ப்பு ஆயிற்று. தண்டனையை அனுபவித்து வெளியே போனவர்கள் அவர்கள். அவர்கள் பெயரை இங்கே எழுதப்போவது இல்லை.

ஒரு மனிதனைக் கொன்று, தலையை வெட்டி, உடலைப் பெட்டியில் வைத்து ரெயில் ஏற்றிய வழக்கில் 7 ஆண்டு. இது குறைவா, சரியா? வழக்குச் சாட்சியங்களைப் பார்த்து நீதிபதி சொன்னது. அதில் நான் குறுக்கே வரவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஊர் சொன்ன தீர்ப்பு இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். "அவன் பெண்பித்தன். அவனுக்கு வேண்டியதுதான்!" எழுபது ஆண்டு ஆகிவிட்டது. ஆளவந்தார் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிற யாரும் இன்றுவரை இந்த அடைமொழி இல்லாமல் அவர் பெயரைச் சொல்வது இல்லை.

அவர் ஒழுக்கம் கெட்டவராகவே இருக்கட்டும். ஒழுக்கம் கெட்டவனைப் பெட்டியில் அடைத்து அனுப்பலாம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

ரிக்‌ஷாவில் வந்தவர்

அடுத்த கதை அதற்கும் எட்டு ஆண்டு முந்தியது. இதில் கதாநாயகர்கள் பெரிய இடம்.

லட்சுமிகாந்தன் ஒரு பத்திரிகைக்காரர். "சினிமா தூது" என்று ஒரு பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதுவதே அதன் வேலை. எழுதாமல் இருக்கப் பணம் வாங்கினார் என்றும் சொல்வார்கள். தொல்லை தாங்காமல் சினிமாக்காரர்கள் கவர்னரிடம் முறையிட்டார்கள். பத்திரிகை லைசென்சு ரத்து ஆயிற்று. அவர் சும்மா இருக்கவில்லை. "இந்துநேசன்" பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி எழுதினார்.

1944-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி. வேப்பேரியில் ரிக்‌ஷாவில் வந்துகொண்டிருந்தவரை வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். குத்துப்பட்டவர் ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். மறுநாள் இறந்துவிட்டார்.

அப்போது பட்டணத்தில் "ஹரிதாஸ்" படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தீபாவளிக்கு வந்த படம், பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதன் கதாநாயகர் எம். கே. தியாகராஜ பாகவதர் சில வாரத்தில் கைது ஆனார். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைது ஆனார். டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு மீதும் வழக்கு. அவர் விசாரணையிலேயே விடுதலை ஆகிவிட்டார். மற்ற இருவருக்கும் 1945 மே மாதம் தீவாந்திர தண்டனை. ஐகோர்ட்டு அப்பீல் தள்ளுபடி. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனார்கள். மறுபடி விசாரிக்கும்படி அங்கிருந்து உத்தரவு வந்தது. 1947 ஏப்ரலில் ஐகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டது.

இந்தக் கதையில் அழுகிறவர்கள் எல்லோரும் பாகவதருக்காகவே அழுகிறார்கள். அழ வேண்டியதும்தான். வெளியே வந்தபின் அவர் படங்கள் எடுபடவில்லை; 1959-ல் காலமானார். கலைவாணர் 1957-லேயே போய்விட்டார். விடுதலை ஆனபிறகும் "கொலை வழக்கில் சிக்கியவர்" என்ற பட்டம் அவர்களை விட்டதா? இல்லை. இன்றும் கதை சொல்கிறவர் குரலைத் தாழ்த்தி, "உண்மையில் என்ன நடந்தது என்றால்..." என்று ஆரம்பிக்கிறார். கோர்ட்டு விடுதலை செய்தவர்களைக் கதை விடுதலை செய்யவில்லை.

சரி, செத்தவர்? லட்சுமிகாந்தனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடும் கதையை நான் கேட்டது இல்லை. "மஞ்சள் பத்திரிகைக்காரன் ஒழிந்தான்" என்ற தொனியில்தான் கதை போகும். கொலையை ஏவியது யார் என்ற கேள்வி இன்றும் விடை இல்லாமல் நிற்கிறது. அந்தக் கேள்வியையே நாம் பாகவதருக்காகக் கேட்கிறோமே தவிர, குத்துப்பட்டவருக்காகக் கேட்பது இல்லை.

அவர் செய்த தொழிலை நான் நியாயப்படுத்த வரவில்லை. பல குடும்பங்களை அழ வைத்தவர். மோசடிக் குற்றத்துக்காக முன்பே சிறை சென்றவர். அவருக்குச் சரியான மருந்தை அரசாங்கம் கொடுத்தது, லைசென்சைப் பிடுங்கியது. வேண்டுமானால் அவதூறு வழக்குப் போட்டிருக்கலாம். கத்தி அந்த மருந்துப் பட்டியலில் இல்லை.

இதிலே ஒரு வேடிக்கை பாருங்கள். லட்சுமிகாந்தன் என்ன செய்தார்? முகம் தெரிந்தவர்களின் அந்தரங்கத்தைக் கதையாக்கி விற்றார். பாதி உண்மை, பாதி ஊகம். வாங்கிப் படித்தவர்கள் யார்? நாம்தான், நம் தாத்தாக்கள்தான். வீட்டில் ஒளித்து வைத்துப் படித்தார்கள். அவர் செத்தபின் அவரையே அதே மாதிரிக் கதையாக்கி விற்கிறார்கள். பாதி உண்மை, பாதி ஊகம். வாங்குகிறவர்களும் அதே ஆட்கள். "இந்துநேசன்" நின்றுபோயிற்று. கடை நிற்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

"செத்தவனுக்கு ஏது மானம்?" என்று கேட்கலாம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்திலேயே இருக்கிறது. உயிரோடு இருந்தால் ஒருவர் பெயரைக் கெடுக்கக்கூடிய ஒன்றை, அவர் இறந்தபின் குடும்பத்தார் மனம் புண்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு சொன்னாலும் அது அவதூறு ஆகலாம். 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இது 356-வது பிரிவில் தொடர்கிறது. இறந்தவருக்கும் பேர் உண்டு என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒப்புக்கொண்டாயிற்று.

இன்னொன்றும் நடந்தது. ஒரு கொலை வழக்கில் எதிரி விடுதலை ஆனால், கொல்லப்பட்டவரின் வாரிசே அப்பீல் செய்யலாம் என்ற உரிமை 2009 டிசம்பர் கடைசியில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அந்த வேலை அரசாங்கத்துடையது. 1947-ல் லட்சுமிகாந்தனின் சொந்தக்காரர் யாராவது இருந்து, "எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்று கேட்டிருந்தால், கோர்ட்டு வாசலில் அவருக்கு இடம் கிடைத்திருக்காது. கோர்ட்டு மாறிவிட்டது. கொலைச் சிந்துதான் பழைய மெட்டிலேயே ஓடுகிறது.

கதை சொல்கிறவர்களுக்கும் ஒரு பதில் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். "செத்தவர் நல்லவர் என்றால் கதை நகராது. ஏன் கொன்றார்கள் என்று ஜனங்கள் கேட்பார்கள். காரணம் சொல்ல வேண்டாமா?" என்பார்கள். சொல்லுங்கள். காரணம் வேறு, நியாயம் வேறு. ஆளவந்தார் ஏன் கொல்லப்பட்டார் என்பதைச் சொல்லும்போதே, கொல்லப்பட்டது சரி என்று கேட்பவர் தலையாட்டும்படி குரலை ஏற்றி இறக்குவது வேறு. நல்ல கதைசொல்லிக்கு இந்த வித்தியாசம் தெரியும். தெரிந்தும் செய்கிறார் என்றால், அது கூட்டம் சேர்க்கச் செய்வது.

காணாமல் போனவர்கள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. ஒரு பெண் காணாமல் போனால் முதல் கேள்வி, "யாரோடு போனாள்?" அவளுடைய தாய் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நிற்பாள். தெரு அதற்குள் கதையை முடித்து வைத்திருக்கும். தேட வேண்டிய நேரத்தில் தேடாமல் விட்டுவிட்டால், பிறகு கிடைப்பது எதுவோ?

லண்டன் கதை

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. 1888-ல் லண்டன் மாநகரின் ஏழைகள் பகுதியான ஒயிட்சேப்பல் பக்கம் ஐந்து பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் பிடிபடவே இல்லை. "ஜாக் தி ரிப்பர்" என்று பத்திரிகைகளில் அடிபட்ட பெயர் உலகம் முழுக்கத் தெரியும். அவனைப் பற்றிச் சினிமா வந்தது. புத்தகங்கள் அலமாரி அலமாரியாக வந்தன. அவன் டாக்டரா, இளவரசனா, கசாப்புக்காரனா என்று நூறு ஆண்டுக்கு மேலாக விவாதம் நடக்கிறது. அந்த ஐந்து பெண்களின் பெயர்? "விலைமாதர்கள்" என்ற ஒரே சொல்லோடு கதை அவர்களை முடித்துவிட்டது.

ஹாலி ரூபன்ஹோல்ட் என்ற சரித்திர ஆசிரியை 2019-ல் ஒரு புத்தகம் எழுதினார். பெயர் "தி ஃபைவ்". அதாவது "ஐவர்". கொலைகாரன் யார் என்று அவர் தேடவே இல்லை, கொலைகளைக்கூட வருணிக்கவில்லை. அந்த ஐவரும் எங்கே பிறந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று மட்டும் பழைய பதிவேடுகளைப் புரட்டித் தேடினார். ஐவரில் மூவர் விலைமாதர் என்பதற்கு ஆதாரமே இல்லை என்றார். "ரிப்பர்" ரசிகர்கள் சிலருக்கு அவர் மீது கோபம் வந்தது! ஆனால் அந்த ஆண்டின் பெரிய இலக்கியப் பரிசு அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்தது.

அதைப் படித்தால் அவர்கள் மனுஷிகளாக எழுந்து நிற்கிறார்கள். மேரி ஆன் நிக்கல்ஸ் அச்சகத் தொழிலாளியின் மனைவி. ஆனி சாப்மனின் கணவன் வண்டியோட்டி. எலிசபெத் ஸ்ட்ரைடு சுவீடனில் இருந்து பிழைக்க வந்தவள். புருஷனோடு சேர்ந்து காப்பிக் கடை நடத்தினாள். கடைசியாக இறந்த மேரி ஜேன் கெல்லியைப் பற்றித்தான் அதிகம் கிடைக்கவில்லை.

கேதரின் எடோஸ் என்ற நான்காமவளின் பிழைப்புதான் எனக்கு மறக்கவில்லை. இளம் வயதில் அவளும் அவள் துணைவனும் ஊர் ஊராய்த் தெருவில் நடந்து, மட்டக் காகிதத்தில் அச்சடித்த சின்னச் சின்னப் புத்தகங்களைக் கூவி விற்றார்கள். கொலைக் கதையும் தூக்குமரக் கதையும் அந்தச் சரக்கில் நல்ல விலை போன காலம் அது.