கூரையில்லாத சித்தேரி மலைப் பள்ளி: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்



தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி ஊராட்சி, மலைமேல் சிதறிக் கிடக்கும் 60-க்கும் மேற்பட்ட சிற்றூர்களைக் கொண்டது. அங்கே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். அரசாங்கம் என்று அவர்கள் கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்கூடத்தைத்தான். ஓட்டுப் போடுவது அங்கே, குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுப்பது அங்கே. கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் மழை பிடித்துக்கொண்டால் இரவில் படுப்பதும் அதன் திண்ணையில்தான்.

அப்படிப்பட்ட தொடக்கப் பள்ளி ஒன்று மேட்டுச் சிற்றூர் ஒன்றில் இருந்தது. ஓட்டுக் கட்டடம், சுண்ணாம்பு அடித்த சுவர், முன்னால் ஒரு புளியமரம். மரக்கிளையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் மணி. அதை அடிக்கும் உரிமை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும். ஒலி எதிர்ச்சரிவு வரை கேட்கும். சாமைக் காட்டில் களை எடுப்பவர்களுக்கு அதுவே கடிகாரம். மலையிலேயே தங்கிப் பாடம் சொன்ன ஆசிரியருக்கு ஊரார் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் கொடுத்தனுப்பிய காலத்தை இன்றைய பாட்டிமார் ஆசையோடு பேசுகிறார்கள். தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போடக் கற்றவரின் பெயரைச் சொல்லும்போது அவர்கள் குரலில் பெருமை தெரிகிறது.

பள்ளியைச் சுற்றி ஊர் மாறியது. கூரை வீடுகள் தகரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் மாறின. சாமை விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. இளைஞர்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போனார்கள். சிலர் தரகர்களை நம்பி ஆந்திரக் காடுகளுக்கும் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் சித்தேரி மலைக்காரர்களும் இருந்தார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகும் ஊரில் பையனுக்கு முன்னால் எத்தனை வழிகள் இருக்கின்றன என்பதை மலைமேல் எல்லாரும் அறிவார்கள். ஊர் இவ்வளவு மாறியும் பள்ளி மட்டும் அதே இடத்தில் நின்றது. வெளியூரில் வேலை செய்கிறவர்கள் பொங்கலுக்கு வந்தால் முதலில் போய் உட்காரும் இடமாகவும் அதுவே இருந்தது.

இன்று அந்தக் கட்டடம் இல்லை. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்த பிறகு, பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க அரசு உத்தரவிட்டது. அது சரியான உத்தரவு. பிள்ளைகளின் உயிரை விட ஓடும் சுவரும் பெரிதல்ல. புதிய கட்டடங்களுக்காகப் பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஐந்தாண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய்த் திட்டமும் வந்தது. மலையில் இடிப்பு நடந்தது. கட்டுமானம் நடக்கவில்லை. மிஞ்சியிருப்பது சிமெண்ட் தரையும் அதில் பெயர்ந்த ஓடுகளின் சில்லும்தான். தண்டவாள மணி மட்டும் இன்னும் மரத்தில் தொங்குகிறது.

வகுப்பு இப்போது மாரியம்மன் கோயில் திண்ணையில் நடக்கிறது. ஐந்து வகுப்புக்கும் ஒரே திண்ணை. கரும்பலகை தூணில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஐப்பசியில் சாரல் உள்ளே அடிக்கும்போது பிள்ளைகள் புத்தகப் பையை வயிற்றோடு அணைத்துச் சுவரோரம் ஒண்டி நிற்கிறார்கள். காலை உணவுத் தட்டை நனையாமல் பிடிக்க இடமில்லை. கோயிலில் விசேஷம் என்றால் பள்ளிக்கு விடுமுறை. பெண் குழந்தைகள் ஒதுங்கப் புதர்தான் இருக்கிறது.

ஊரார் மனுமேல் மனுவாகக் கொடுத்தார்கள். கட்டட மதிப்பீடு தயாராகவில்லை என்றது ஓர் அலுவலகம். நிலம் காட்டுக்குரியது, அனுமதி வேண்டும் என்றது இன்னொன்று. செங்கல் லாரி ஏறப் பாதை இல்லை என்றார்கள் வேறோர் இடத்தில். விதிகளை ஆட்சியர் அறிவார். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு காட்டு நிலத்தில் பள்ளி கட்ட இடம் தருகிறது என்பதை இங்கே எழுதிக் காட்டத் தேவையில்லை.

பாதை இல்லை, துறைகள் ஒத்துவரவில்லை என்ற பதிலை இந்த மலைப்பக்கத்து மக்களிடம் சொல்ல யாருக்கும் தகுதியில்லை. 1992 ஜூன் 20 அன்று இதே மலையின் அடிவாரத்தில் உள்ள வாச்சாத்திக்கு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வந்து ஊரைச் சூறையாடின. அது தொடர்பான வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அன்று 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். சிறைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பள்ளி வயதுக் குழந்தைகளும் இருந்தார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் அதே தேதியில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, அன்றைய ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஊரைச் சூறையாட மூன்று துறைகளால் ஒரே நாளில் சேர முடிந்தது. பிள்ளைகளுக்கு நாலு சுவர் எழுப்ப அரசுத் துறைகளுக்கு வருடங்கள் போதவில்லை. இதற்கு மலை மக்களிடம் சொல்ல என்ன பதில் இருக்கிறது?

ஆய்வுக் கூட்டத்தில் கோப்பைப் புரட்டுவது போதாது. ஆட்சியர், மனுக்களுக்குத் தடை சொன்ன அந்த மூன்று அலுவலகத்தாரையும் கூட்டிக்கொண்டு, பள்ளி நாளில், மழை பெய்யும்போது மலையேறி வந்து அந்தத் திண்ணையில் ஒரு வகுப்பு நேரம் உட்கார வேண்டும். நில அனுமதியும் நிதி ஆணையும் அங்கேயே கையெழுத்தாக வேண்டும். இடித்த இடத்திலேயே பள்ளி எழ வேண்டும், கழிப்பறையோடும் சமையல் கூடத்தோடும். இன்று முதல் வகுப்பில் இருக்கும் பிள்ளை திண்ணையிலேயே ஐந்தாம் வகுப்பை முடித்து வெளியேறினால், அதற்குப் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துடையதுதான்.