அந்நியர் பூட்டிய விலங்கு

சுதந்திரம் பெற்ற தேசம் அந்நியர் பூட்டிச் சென்ற விலங்கை உடைத்தெறிய வேண்டும். உடைக்காதிருப்பது குறை, அதே விலங்கைத் தன் பெண்மக்களின் கைகளிலும் புதிதாகப் பூட்டுவதோ பெருங்கேடு. நமது அண்டை நாடாகிய இலங்கை அக்கேட்டைச் செய்தது.

பிரிட்டிஷார் காலத்துத் தண்டனைச் சட்டத்தின் 365-ஏ பிரிவு ஆண்களை மட்டுமே குறித்தது. 1995-இல் சுதந்திர இலங்கையின் பார்லிமெண்டு அதைத் திருத்தி, இருபாலாருக்கும் பொதுவாக்கிற்று. வெள்ளையன் குற்றவாளி என்று சொல்லாத பெண்ணைச் சொந்த சர்க்காரே குற்றவாளியாக்கியது.

இதை எதிர்த்து நின்றவர் ரோஸானா ஃப்ளேமர்-கல்தேரா அம்மையார். தாம் பெண்ணை நேசிக்கும் பெண் என்பதை அவர் ஒளிக்கவில்லை. 1999-இல் பெண்கள் ஆதரவுக் குழுவைத் தோழியருடன் தொடங்கினார். 2004-இல் 'ஈக்வல் கிரவுண்ட்' ஸ்தாபனத்தை நிறுவினார். மனம் நொந்தோருக்கு ஆலோசனை கூறுவதையும் அந்த ஸ்தாபனம் தன் கடமையாகக் கொண்டது. வசையும் மிரட்டலும் அவரைத் தொடர்ந்தன. 2018-இல் அவர் ஐக்கிய நாடுகளின் பெண்ணுரிமைக் குழுவிடம் முறையிட்டார். அச்சட்டம் அவருடைய உரிமைகளைப் பறிக்கிறது என்றும், அதை நீக்க வேண்டும் என்றும் 2022-இல் குழு தீர்ப்பளித்தது. சட்டத்தைத் திருத்த வந்த மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023-இல் இலங்கை சுப்ரீம் கோர்ட்டே கூறிற்று. ஆயினும் 2024-இல் பார்லிமெண்டு கலைந்தது, மசோதா நிறைவேறவில்லை.

'இது மேனாட்டுப் பழக்கம், நமக்கு ஏன்?' என்பார் உண்டு. மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்தது அந்த அன்பன்று. அதைத் தண்டிக்கும் சட்டமே என்று அவர்களுக்குச் சொல்வோம். குற்றவாளி என முத்திரை குத்தப்பட்டவள் அடிபட்டால் போலீஸ் ஸ்டேஷன் படியேறுவாளா? நோயுற்றால் வைத்தியரிடம் உண்மையைச் சொல்வாளா? உரிமையைப் பறித்த இடத்தில் ஆரோக்கியமும் பறிபோகிறது.

விமானத்தின் இரைச்சலைக் கேட்டே வாழும் பொழிச்சலூர், பம்மல் வாசிகளுக்கு இலங்கை தொலைதூரமன்று. நம் வீட்டுச் செய்தியையும் பார்ப்போம். 1860-ஆம் வருஷத்து 377-ஆவது பிரிவின் பிடியை நமது சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி தளர்த்தியது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் புகுந்த இரு யுவதிகளின் வழக்கில், 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்புக்கு முன் தாமே மனநல நிபுணரிடம் பாடம் கேட்டார். 'குணப்படுத்துகிறோம்' என்று இத்தகையோரை வதைக்கும் சிகிச்சைக்கு அவர் தடை விதித்தார். 2022-இல் தமிழ்நாட்டுப் போலீஸார் நடத்தை விதியும் திருத்தப்பட்டது. ஆனால் 2025 மே மாதத்திலும் ஒரு பெண், வீட்டார் காவலிலிருந்து விடுபட சென்னை ஹைகோர்ட்டின் ஆட்கொணர்வு உத்தரவு வேண்டியிருந்தது. போலீஸாரின் அசட்டையை நீதிபதிகள் கண்டித்தனர்.

சட்டம் மாறியும் ஸ்டேஷனும் வீட்டுக் கதவும் மாறவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? புகலிடம் தேடிப் புறநகருக்கு வரும் இரு பெண்களை விரட்டாமலிருப்பதும், பலவந்தமாக இழுத்துச் செல்ல வருவோரைத் தடுத்து நிறுத்துவதும் ஒவ்வோர் ஊரின் பொதுஜன ஊழியர்களுடைய கடமையாகும். விடுதலை வேண்டும் என முழங்கும் வாய், பக்கத்து வீட்டுப் பெண்ணின் விடுதலைக்கும் திறக்கட்டும்.