கிராம ஆஸ்பத்திரியில் தலைமை யாருக்கு?

செஞ்சிக் கோட்டைக்கு 2025-ம் வருஷம் ஜூலை மாதம் 11-ந் தேதி உலகப் பெருமை கிடைத்தது. மராட்டியர் காலத்துக் கோட்டைகள் என்னும் வரிசையில் யுனெஸ்கோ சபையார் ஏற்றுக்கொண்ட 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. மீதி ஒன்று நம் செஞ்சி. இதில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் ஒரு கேள்வி. 1714-ல் சண்டையில் மாண்ட தேசிங்கு ராஜன் பேரை நம் ஜனங்கள் இன்றைக்கும் சொல்லுகிறார்கள். அவன் குதிரையின் பேரையுங்கூடச் சொல்லுகிறார்கள். ராஜகிரி மலையின்மேல் அந்தக் கல்லையெல்லாம் சுமந்து ஏற்றினவன் பேரை யாராவது சொல்லுகிறார்களா? இல்லை. ஏறி உட்கார்ந்தவனுக்குப் பேர், சுமந்தவனுக்குக் கூலி. இதுதான் நம் நாட்டின் பழைய வழக்கம்.

இந்த வழக்கம் கோட்டையோடு ஒழிந்துபோயிருந்தால் நாம் இதை எழுத வேண்டியதில்லை. அது நம் கிராம ஆஸ்பத்திரிகளில் உயிரோடு இருக்கிறது என்பதால்தான் எழுதுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமச் சுகாதார நிலையத்தில் நடந்த விழாவுக்குப் போயிருந்தோம். ஊர் பேர் வேண்டாம். அங்கே பிரசவங்கள் நல்லபடி நடந்து வருகின்றன என்பதற்காகப் பாராட்டு. மேடையில் ஏழெட்டுப் பேர். அவர்களில் ஒருவருக்காவது ஒரு பிள்ளையைக் கையில் ஏந்தி எடுத்த பழக்கம் உண்டா என்பது சந்தேகம். ஆளுக்கொரு சால்வை, ஆளுக்கொரு பிரசங்கம். அந்த நிலையத்தில் பல வருஷமாய் இராத்திரி பகல் பாராமல் பிரசவம் பார்த்துவந்த நர்ஸம்மாளைக் கண் தேடிப் பார்த்தோம். அந்த அம்மாள் மேடைக்குப் பின்னால் தம்ளர் எண்ணிக்கொண்டிருந்தார். “ஏனம்மா, நீங்கள் மேலே வரவில்லையா?” என்றோம். “நமக்கு எதுக்குங்க ஐயா அதெல்லாம்? உள்ளே ஒரு பொண்ணு வலியிலே இருக்குது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தோழர்களே, அந்த வீட்டுக்குத் தலைவர் யார்? மேடையில் இருந்தவர்களா, உள்ளே போனவரா?

இதற்கு மூலகாரணம் என்ன என்று ஆராய்ந்து பார்த்தால், அது சம்பளக் கணக்கிலோ உத்தியோக வரிசையிலோ தொடங்கியதல்ல. தொடுகிற கை தாழ்ந்த கை என்று நம் சமூகம் வைத்திருக்கும் கணக்கில் தொடங்கியது. இரத்தமும் சீழும் மலமும் தீட்டு என்றார்கள். பிரசவத்தைத் தீட்டு என்றார்கள். ஆனால் தீட்டென்று சொன்னவர்கள் வீட்டிலும் பிள்ளை பிறந்தாக வேண்டுமே! அதற்கென்று நாவிதர் என்று ஒதுக்கி வைத்த வகுப்புப் பெண்களை அழைத்தார்கள். மருத்துவச்சி என்று பேர் வைத்தார்கள். பிள்ளை பிறந்ததும் ஒரு மரக்கால் நெல்லும் ஒரு பழஞ்சேலையும் கொடுத்துக் கொல்லைப்புற வழியாய் அனுப்பினார்கள். உயிரைக் கொடுத்த கைக்கு வாசற்படி மறுக்கப்பட்டது. அதே வேலை பட்டப்படிப்பாக மாறி நாற்காலியும் மேஜையும் வந்தபிறகு, அது மதிப்பான உத்தியோகமாய்விட்டது. அப்பொழுது அந்த மருத்துவச்சியின் பெண்ணுக்கு அங்கே இடம் உண்டா என்று கேட்டால், படிப்பில்லை என்றார்கள். படிக்க வைக்காதவர்கள் யார் என்பதை மாத்திரம் சொல்லவில்லை.

நிற்க. படிப்பும் பயிற்சியும் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. செஞ்சிக்குக் கிழக்கே 28 கிலோ மீட்டரில் உள்ள திண்டிவனத்துக்குப் போனால் போதும். 1890-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். அவர் மகள் ஐடா ஸ்கடர், தாயாரின் சீக்கைப் பார்க்க வந்திருந்த இளம்பெண். ஒரே இராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறு ஜாதி இந்து. மூவர் வீட்டிலும் பிரசவ வேதனை. “என் தகப்பனார்தான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்” என்றார் அந்தப் பெண். ஆண்பிள்ளை எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள்.

இதைக் கொஞ்சம் பகுத்தறிவோடு யோசித்துப் பாருங்கள். வைத்தியம் அந்த வீட்டிலேயே இருந்தது. அது ஆணிடத்தில் இருந்தது. ஜாதியும் மதமும் அனுமதிக்கக்கூடிய பெண்ணும் அதே வீட்டில் இருந்தார். அவருக்குப் பயிற்சி இல்லை. மதங்கள் மூன்று விதமாய் இருந்தும் மூடத்தனம் ஒரே விதமாய் இருந்தது. ஆக, மூன்று உயிரைக் கொன்றது நோயல்ல. வழக்கமும் பயிற்சியின்மையும் சேர்ந்து கொன்றன.

அந்த அம்மையார் விதியென்று அழுதுகொண்டிருக்கவில்லை. அமெரிக்கா போய் 1899-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். அதைவிட முக்கியமானது, தான் ஒருத்தியே எல்லாம் செய்துவிடலாம் என்று நினைக்காமல், 1903-ல் கம்பவுண்டர்களுக்கும், 1909-ல் நர்ஸுகளுக்கும், 1918-ல் பெண் டாக்டர்களுக்கும் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார் என்பதாகும். அவருடைய மதப் பிரசாரத்தில் நமக்குச் சம்பந்தமில்லை. ஆனால் தலைமை என்பது தன் கைக்குப் பதில் நூறு கைகளை உண்டாக்குவது என்று அவர் செய்து காட்டியதை நாம் ஒப்புக்கொள்ளாவிட்டால் அது யோக்கியமாகாது.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே நடக்கிறது. இது பெரிய வெற்றி. கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் சர்க்கார் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் பாதி இடம் என்று நம் மாகாணத்தில் வெகுநாளாய் ஓர் ஏற்பாடு இருந்து வந்தது. இதனால்தான் கெட்டிக்காரப் பிள்ளைகள் பட்டிக்காட்டுக்குப் போகத் துணிந்தார்கள். 2017-ல் அகில இந்திய விதி என்ற பேரால் அதற்கு ஆபத்து வந்தது. டாக்டர்கள் சங்கம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் வழக்காடி, 2020 ஆகஸ்டு 31-ல் ஐந்து ஜட்ஜுகள் சேர்ந்து, இப்படி இடம் ஒதுக்க மாகாண சர்க்காருக்கு அதிகாரம் உண்டென்று தீர்ப்புச் சொன்னார்கள்.

அப்பொழுது சிலர், இதனால் தகுதி கெட்டுப்போகும் என்றார்கள். தகுதி என்றால் என்ன? ஒருவன் பட்டணத்தில் பரீட்சைப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டி மூன்று வருஷம் உட்கார்ந்து படிக்கிறான். மற்றொருவன் அதே மூன்று வருஷம் பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் கிணற்றில் விழுந்த பிள்ளைக்கும் நடுராத்திரியில் எழுந்து வைத்தியம் பார்க்கிறான். முதலாவது ஆளுக்குத் தகுதி வந்துவிட்டது, இரண்டாவது ஆளுக்குத் தகுதி போய்விட்டது என்றால், அது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

ஆனால் இந்த நியாயம் டாக்டரோடு நின்றுவிட்டது என்பதே நம்முடைய குறை. நர்ஸுகள் கதையைப் பாருங்கள். 2015-ல் ஆயிரக்கணக்கான நர்ஸுகளை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் வந்து தெருவில் உட்கார்ந்து கேட்க வேண்டியதாயிற்று. வேலையே நிலையில்லாதவளுக்கு மேற்பயிற்சி ஏது? தலைமை ஏது? நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவள் இன்றைக்கு எதைத் துணிந்து சொல்லுவாள்?

இன்னும் ஒரு வேடிக்கை. 2022 மே மாதம் 22-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம், இந்தியாவிலுள்ள 10 லட்சத்துக்கு மேற்பட்ட ஆஷா பெண்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்கள் என்ற விருது கொடுத்தது. கவனியுங்கள்: தலைவர்கள்! ஆனால் நம் நாட்டுச் சர்க்கார் கணக்கில் அவர்கள் ஊழியர்களே அல்ல, தொண்டர்கள். ஜெனிவாவில் தலைவி, சொந்த ஊரில் உத்தியோகம்கூட இல்லாதவள். நம் தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்துக்கு 2024-ல் ஐக்கிய நாடுகள் விருது வந்தது. வீடு வீடாய்ப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்த சுயஉதவிக் குழுப் பெண்களுக்குத் தொடக்கத்தில் கொடுத்தது மாதம் 4,500 ரூபாய். விருது வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. விருதை வயிறு தின்னாது என்று மாத்திரம் சொல்லுகிறோம்.

நர்ஸைத் தெய்வம், தாய், தியாகத்தின் உருவம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் நமக்குப் பயமாய் இருக்கிறது. பெண்ணுக்கு உரிமை கொடுக்க மனமில்லாத சமயத்தில்தான் அவளைத் தெய்வமாக்குவது நம்மவர் வழக்கம். தெய்வத்துக்குச் சம்பளம் வேண்டாம், லீவு வேண்டாம், மேற்படிப்பு வேண்டாம். ஒரு மாலை போதும். மனுஷியாக ஒப்புக்கொண்டால்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே நாம் கேட்பது சால்வையல்ல. கேட்பது இவைதான்.

முதலாவது, பயிற்சி. மேற்படிப்பு டாக்டர்கள் மூன்று மாதம் ஜில்லா ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும் என்ற விதி ஏற்கெனவே வந்துவிட்டது. அப்படியானால் கிராம ஆஸ்பத்திரி நர்ஸும் மருந்தாளரும் ஆய்வுக்கூட ஊழியரும் முறைவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழகிவர ஏன் விதி இருக்கக்கூடாது? செஞ்சித் தாலூகாவுக்கு முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. போகிறவருக்குப் பதில் ஆள் போட்டு, சம்பளம் குறையாமல் அனுப்ப வேண்டும். பதில் ஆள் இல்லாத பயிற்சி உத்தரவு வெறும் காகிதம்.

இரண்டாவது, படிப்பு. கிராமச் சேவைக்காக டாக்டருக்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்குவது நியாயமானால், அதே சேவை செய்யும் நர்ஸுக்கும் அவள் மேற்படிப்பில் ஒதுக்குவது அதே நியாயந்தான்.

மூன்றாவது, அதிகாரம். பிரசவ அறை எப்படி நடக்க வேண்டும், என்ன சாமான் வாங்க வேண்டும் என்பதில் அங்கே நிற்கிறவளின் சொல்லுக்கு எழுத்தில் இடம் வேண்டும். ஆஸ்பத்திரியின் நோயாளர் நலச் சங்கத்தில் நர்ஸும் சுத்திகரிப்புத் தொழிலாளியும் உட்கார நாற்காலி வேண்டும்.

நான்காவது நம்மைச் சேர்ந்தது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் மலையனூருக்கு மொட்டை. கெட்டுப்போனால் நர்ஸுக்கு அடி என்ற புத்தியை ஜனங்கள் விட வேண்டும். பிழைக்க வைத்தது யார் கை என்று விசாரித்து, அந்தக் கையின் பேரைச் சொல்லிப் பழக வேண்டும்.

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க இனிமேல் தேசாந்தரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். கல்லைச் சுமந்தவன் பேரை அவர்கள் கேட்டால் நம்மால் சொல்ல முடியாது. அது போன காலத்துக் குற்றம். இன்றைக்கு நம் பிள்ளைகளைக் கையில் ஏந்தினவள் பேரை நாளைக்கு நம் பிள்ளைகள் கேட்டு, அப்பொழுதும் நம்மால் சொல்ல முடியாமற்போனால், அது நம்முடைய குற்றமேயாகும்.