ஈஸ்ட் வாங்கப் போனவர் ஓட்டும் போட்டார்: ஆள் குறைந்த வயோமிங்கின் கதை

1870, செப்டம்பர் 6. மேற்கு அமெரிக்காவில் லாரமி என்றொரு சின்ன ரயில்வே ஊர். 69 வயது லூயிசா ஸ்வெயின் கையில் ஒரு வாளியோடு காலையிலேயே வீட்டைவிட்டு இறங்கினார். ரொட்டி மாவுக்கு ஈஸ்ட் வாங்க வேண்டும். வழியில் வாக்குச்சாவடி. இன்னும் சரியாகத் திறக்கக்கூட இல்லை. வந்ததுதான் வந்தோம், ஓட்டையும் போட்டுவிடுவோம் என்று உள்ளே போனார். போட்டுவிட்டு, ஈஸ்ட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

லாரமியில் இன்றும் இப்படித்தான் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். பாட்டிக்கு அங்கே சிலையும் உண்டு. அமெரிக்கா முழுவதும் பெண்கள் ஓட்டுப் போட 1920 வரை, அதாவது இன்னும் 50 வருடம், காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் வயோமிங்கில் 1869 டிசம்பர் 10-ம் தேதியே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. சொத்து இருக்கிறதா, கல்யாணம் ஆகிவிட்டதா என்றெல்லாம் கேட்காமல், 21 வயதான பெண்களுக்கு ஓட்டு. (சட்டத்தில் வயோமிங் முந்தினாலும், ஓட்டுப் போட்டதில் பக்கத்து யூட்டா பெண்கள் முந்திக்கொண்டார்கள். அங்கே 1870 பிப்ரவரியிலேயே ஒரு தேர்தல் வந்துவிட்டது!)

வயோமிங்கின் பரப்பு சுமார் 2,53,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 5,76,851 பேர்தான். அமெரிக்காவின் 50 மாநிலங்களில் மக்கள்தொகையில் கடைசி இடம். வரைபடத்தில் பார்த்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட செவ்வகம். ஆறு, மலை எதையும் பார்க்காமல் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்தே எல்லை பிரித்துவிட்டார்கள். பெயரும் அந்த மண்ணின் பெயர் இல்லை. நாட்டின் மறுகோடியில், பென்சில்வேனியாவில் இருக்கும் ஒரு பள்ளத்தாக்கின் பெயர் அது. அங்கிருந்த லெனாபே பழங்குடிகளின் மொழியில் பெரிய சமவெளி என்பதுபோல அர்த்தம்.

வடமேற்கு மூலையில் யெல்லோஸ்டோன். 1872-ல் அறிவிக்கப்பட்ட உலகின் முதல் தேசியப் பூங்கா. அதைப் பார்க்கத்தான் சுற்றுலாப் பயணிகள் குவிகிறார்கள். மற்ற இடங்களில் புல்வெளி, மாட்டுப் பண்ணை, ஓயாத காற்று. குளிர்காலத்தில் காற்றும் பனியும் சேர்ந்தால் 80-ம் எண் நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள். மாநிலம் முழுக்கத் தேடினால் எஸ்கலேட்டர் இருப்பது இரண்டே கட்டடங்களில்தான் என்று அமெரிக்கர்களே கிண்டல் செய்வதுண்டு. இரண்டும் காஸ்பர் நகர வங்கிக் கட்டடங்கள். கார் நம்பர் பிளேட்டில் 1936-லிருந்து துள்ளும் குதிரையும் அதன்மேல் ஒரு கௌபாயும். தலைநகர் ஷையெனில் ஒவ்வொரு ஜூலையிலும் நடக்கும் குதிரை அடக்கும் திருவிழாவுக்கு 1897-லிருந்து வரலாறு இருக்கிறது.

இப்படிப்பட்ட கௌபாய் பூமியில் பெண்களுக்கு முதலில் ஓட்டு கிடைத்தது எப்படி?

காரணங்களில் ஒன்று, ஆள் இல்லாததுதான். 1870 கணக்கெடுப்பில் அங்கே குடியேறியிருந்தவர்கள் 9,118 பேர். வயதுவந்தவர்களில் ஆறு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற நிலைமை. ஓட்டுரிமை கொடுத்தால் ஊர் பெயர் பத்திரிகைகளில் வரும், பெண்கள் குடியேற வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். சட்டசபையில் இருந்தவர்கள் எல்லோரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். ஆளுநர் ஜான் கேம்பல் குடியரசுக் கட்சிக்காரர். அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடலாம் என்றும் சிலர் நினைத்தார்கள். கறுப்பின ஆண்கள் ஓட்டுப் போடும்போது வெள்ளைக்காரப் பெண்கள் ஏன் போடக் கூடாது என்ற வாதமும் ஓடியது. அது சமத்துவம் இல்லை, நிறவெறி. மசோதா கொண்டுவந்த வில்லியம் பிரைட் மதுக்கடை நடத்தியவர். கேம்பல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எந்த எண்ணத்தில் கொடுத்திருந்தாலும், பெண்கள் அந்த உரிமையை நன்றாகவே பயன்படுத்தினார்கள். 1870 பிப்ரவரியில் சவுத் பாஸ் சிட்டி என்ற தங்கச் சுரங்க ஊரில் எஸ்தர் ஹோபார்ட் மாரிஸ் நீதிபதி ஆனார். அமெரிக்காவில் அப்படிப் பதவியேற்ற முதல் பெண் அவர்தான். அடுத்த மாதமே லாரமி நீதிமன்றத்தில் பெண்கள் ஜூரிகளாக உட்கார்ந்தார்கள். கொடுத்தவர்களுக்கே 1871-ல் மனம் மாறி, சட்டத்தைத் திரும்பப் பெறப் பார்த்தார்கள். கேம்பல் தடுத்தார். அவரது தடையை முறியடிக்க நடந்த முயற்சி ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. 1890-ல் வயோமிங் மாநில அந்தஸ்து கேட்டபோது பெண்கள் ஓட்டு வாஷிங்டனில் பலருக்கு உறுத்தியது. வயோமிங் அதை விட்டுக்கொடுக்கவில்லை. மசோதா 139-க்கு 127 என்று பிரதிநிதிகள் சபையில் தப்பிப் பிழைத்தது. 1925 ஜனவரியில் நெல்லி டெய்லோ ராஸ் ஆளுநராகப் பதவியேற்றார். அந்த நாட்டின் முதல் பெண் ஆளுநர். நூறு வருடம் தாண்டிவிட்டது, இரண்டாவது பெண் ஆளுநர் வயோமிங்குக்கு இன்னும் வரவில்லை.

இந்த வரலாற்றை வைத்துத்தான் வயோமிங் தன்னைச் ‘சமத்துவ மாநிலம்’ என்று அழைத்துக்கொள்கிறது. அந்தப் பட்டத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் வேறு நிறங்களும் தெரிகின்றன.

ஆள் இல்லாத பூமி என்பதே முழு உண்மை இல்லை. ஷோஷோனி, அரபஹோ, லகோட்டா, குரோ எனப் பல பழங்குடிகள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஷோஷோனிகளின் தலைவர் வாஷகி 1868-ல் ஒப்பந்தம் போட்டு, விண்ட் ரிவர் பகுதியைத் தன் மக்களுக்காகத் தக்கவைத்தார். பத்து வருடத்தில், அவர்களோடு காலம்காலமாகப் பகையாக இருந்த அரபஹோ மக்களையும் அரசு அதே இடத்தில் கொண்டுவந்து குடியமர்த்தியது. இரண்டு இனத்தவரும் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். லூயிசா பாட்டிக்கு 1870-ல் கிடைத்த உரிமை அந்த வீட்டுப் பெண்களுக்கு எட்டவில்லை. அமெரிக்கப் பழங்குடிகள் எல்லோருக்கும் குடியுரிமை வந்ததே 1924-ல்தான்.

ரயில் பாதையை ஒட்டி நிலக்கரிச் சுரங்கங்கள் வந்தன. இன்றுகூட அமெரிக்காவில் அதிக நிலக்கரி எடுக்கும் மாநிலம் வயோமிங்தான். சுரங்க வரி கொட்டுவதால் மக்களிடம் மாநில வருமான வரியே வாங்குவதில்லை. அந்த ஆரம்பகாலச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களில் சீனர்கள் பலர். குறைந்த கூலிக்கு வருகிறார்கள் என்று வெள்ளைக்காரத் தொழிலாளிகளுக்கு ஆத்திரம். 1885 செப்டம்பர் 2-ம் தேதி ராக் ஸ்பிரிங்ஸில் கூட்டமாகப் போய் 28 சீனர்களைக் கொன்றார்கள். அவர்களின் குடியிருப்பையும் எரித்தார்கள். ஒருவருக்குக்கூடத் தண்டனை இல்லை.

இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அரசு வீடுவாசலிலிருந்து கிளப்பி முகாம்களில் அடைத்தது. அவற்றில் ஒன்று வயோமிங்கின் ஹார்ட் மவுன்டன். 1942 ஆகஸ்டில் திறந்தார்கள். முள்வேலிக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஆள் இல்லாத மாநிலம் அல்லவா, அந்த முகாமே வயோமிங்கின் மூன்றாவது பெரிய ஊர் ஆகிவிட்டது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். எங்கே அவர்கள் ஓட்டுப் போட்டுவிடுவார்களோ என்று 1943-ல் வயோமிங் சட்டசபை அவர்களுக்கு ஓட்டு இல்லை என்று சட்டம் போட்டது. பெண்களுக்கு முதலில் ஓட்டுக் கொடுத்த அதே சட்டசபைதான்.

அந்த முகாமில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த நார்மன் மினெட்டா என்ற சிறுவன் இருந்தான். பக்கத்து ஊரான கோடியிலிருந்து சாரணர் படைப் பிள்ளைகள் முகாமுக்குள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் ஆலன் சிம்ப்சன். இரண்டு பேருக்கும் ஒரே கூடாரம். மழைத் தண்ணீர் தங்கள் கூடாரத்துக்குள் வராமல் சுற்றிலும் வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் நேராகத் தங்களுக்குப் பிடிக்காத ஒரு பையனின் கூடாரத்துக்குள் போகிற மாதிரி வெட்டினார்கள் என்று பிற்காலத்தில் இருவருமே சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

வளர்ந்த பிறகு மினெட்டா ஜனநாயகக் கட்சி எம்.பி. சிம்ப்சன் வயோமிங்கின் குடியரசுக் கட்சி செனட்டர். முகாம்களில் அடைக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கவும், உயிரோடு இருப்பவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்கவும் மினெட்டா மசோதாவுக்காகப் போராடியபோது, எதிர்க்கட்சி வரிசையிலிருந்து சிம்ப்சன் ஆதரவு தந்தார். 1988-ல் அது சட்டமானது. மினெட்டா 2022-லும் சிம்ப்சன் 2025-லும் காலமானார்கள். முகாம் இருந்த இடத்தில் இப்போது அருங்காட்சியகம் நடக்கிறது. 2024-ல் அங்கே திறந்த புதிய கட்டடத்துக்கு இரண்டு நண்பர்களின் பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.