மூட்டையும் முதுகும்

சரக்கு வந்து இறங்கும் நாளில்தான் செலியமேட்டு மளிகைக்காரர்களான நமக்கு இடுப்பின் நினைவே வருகிறது. மூட்டை இறக்க ஆள் வராவிட்டால் நாமே குனிந்து தூக்குகிறோம். மீதி நேரமெல்லாம் கல்லாவில் கூன் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். வலி மூன்று மாதத்தைத் தாண்டினால் அது நாட்பட்ட வலி. உடனே பெல்ட் வாங்கிக் கட்டுகிறோம். இல்லாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டுப் படுத்துவிடுகிறோம். இரண்டும் சரியல்ல என்பதே நம் கருத்து. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்புப் பட்டையை வழக்கமாகத் தரவேண்டாம் என்கிறது. முறையான உடற்பயிற்சியைச் சிபாரிசு செய்கிறது. மணிக்கொரு தரம் எழுந்து கடைக்குள் நாலு நடை நடந்தால் வியாபாரம் கெட்டுப்போகாது. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ மட்டும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சுமை விஷயம் வேறு. ஆண் தொழிலாளி கையால் தூக்கும் சுமைக்கு உச்ச அளவாக 55 கிலோவை சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. அது திடகாத்திரமான ஆளுக்கு. ஐம்பதைத் தாண்டிய நமக்கல்ல. அரிசியில் 25 கிலோ சிப்பம் வந்துவிட்டது. சர்க்கரை மட்டும் ஏன் இன்னும் 50 கிலோ மூட்டையாகவே வரவேண்டும்? கிலோவுக்குச் சில காசு கூடும் என்பார்கள் மொத்த வியாபார அன்பர்கள். கூடட்டும். கடை ஒரு வாரம் பூட்டிக் கிடந்து வாடிக்கை கைவிட்டுப் போகிறதே, அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?